சாப்ற் தட்டினால் தாமதிக்க வேண்டாம்
பழைய கார்களின் யுனிவேர்சல் ஜொயின்றை நாமே மாற்றிக்கொள்ளும் முறை

இடம்பெயர்ந்து வாழும் ஒரு குடும்பத்துக்கு வாகனத்தின் பெறுமதி என்னவென்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. காணியைச் சுருட்டி எடுத்துச் செல்ல முடியாது. கிணற்றையும் வீட்டையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். சில்லுள்ள பொருள்தான் எம்மோடு கூட வரும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, சைக்கிள்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் நடுவே பழைய கார்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. நடக்க இயலாத முதியவர்களும் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் அவற்றுக்குள் இருந்தனர்.

அந்தக் கார்களில் பெரும்பாலானவை அன்றைக்கே முப்பது, நாற்பது வயதைக் கடந்தவை. மொறிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்டது. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியனவும் ஏறத்தாழ அதே தலைமுறையைச் சேர்ந்தவை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். உதிரிப்பாகமும் வரவில்லை. ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. இவ்வளவையும் தாண்டி, அந்தக் கார்களில் சில இன்றும் வாடகைக்கு ஓடி, ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன.

இன்று உதிரிப்பாகம் கிடைக்கிறது. ஆனால் கராஜில் கொடுக்கும் கூலியும், கார் ஓடாமல் நிற்கும் நாட்களின் வருமான இழப்பும் சிறிய குடும்பங்களுக்குத் தாங்கமுடியாதவை. எனவே, வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றி இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். தேய்ந்துபோன யுனிவேர்சல் ஜொயின்றைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதே அது. பெரிய பலம் இதற்கு வேண்டியதில்லை. பொறுமையும் சுத்தமும் இருந்தால் போதும். ஆகவே பெண்பிள்ளைகளும் இதனைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

இது என்ன பொருள்?

மேலே சொன்ன கார்களில் இயந்திரமும் கியர்பெட்டியும் முன்னால் இருக்கின்றன. காரை உந்தித் தள்ளுவதோ பின்சில்லுகள். முன்னால் பிறக்கும் சுழற்சியைப் பின்னாலுள்ள டிபரென்சியலுக்குக் கொண்டுபோவது, காரின் அடியில் நீளமாகச் செல்லும் இரும்புக் குழாய். இதனைப் புறொப்பெல்லர் சாப்ற் என்பார்கள். நாம் சுருக்கமாகச் சாப்ற் என்றே எழுதுகிறோம்.

கியர்பெட்டி அசையாமல் ஓரிடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. பின் அச்சோ வில்லுத்தகடுகளில் தொங்கிக்கொண்டு, பள்ளம் திட்டிகளில் ஏறி இறங்குகிறது. ஆகவே சாப்ற் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதன் சாய்வும் மாறவேண்டும். அதற்காகத்தான் சாப்றின் இரு முனைகளிலும் மடங்கிக் கொடுக்கும் மூட்டு ஒவ்வொன்று வைத்திருக்கிறார்கள். எமது உடம்பிலே தோள்மூட்டு எப்படியோ, காரிலே யுனிவேர்சல் ஜொயின்ற் அப்படி.

அதன் அமைப்பு மிக எளிமையானது. இரண்டு கவைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும். அவற்றின் நடுவே சிலுவை வடிவான ஒரு உருக்குத் துண்டு இருக்கும. அதன் நான்கு கைகளிலும் நான்கு சிறிய கிண்ணங்கள் கவிழ்ந்திருக்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் உட்சுவரிலும் நெல்மணியைப் போன்ற மெல்லிய ஊசி உருளைகள் வரிசையாக நிற்கும். கிண்ணம் வெளியே கழன்று வராதபடி சேர்க்லிப் என்னும் வில்வளையம் கவையின் காடியில் பிடித்திருக்கும்.

இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயர் இந்த மூட்டோடு 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இணைந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் றொபேட் ஹூக் இதன் இயக்கத்தை ஆராய்ந்தார். மோட்டார் வாகனத்துக்கு ஏற்றதாக இதனை அமைத்து 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அதுவரை பல வாகனங்களில் சைக்கிளைப் போலச் சங்கிலியே சில்லை இழுத்தது. பழைய பிரித்தானியக் கார்களின் சாப்றில் ‘ஹார்டி ஸ்பைசர்’ என்று பொறித்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அந்த ஸ்பைசர் இவர்தான்.

மேல் கியரில் சாப்ற் இயந்திரத்தின் வேகத்திலேயே சுழலும். மொறிஸ் மைனர் மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 தடவை சுற்றுகிறது. அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தச் சிலுவைதான். அதற்குள்ளே கிறீஸ் வற்றிவிட்டாலோ மணலும் நீரும் புகுந்துவிட்டாலோ ஊசி உருளைகள் சிலுவையின் கைகளில் வரிவரியாகப் பள்ளம் தோண்டிவிடும்.

நோயை அறிதல்

யுனிவேர்சல் ஜொயின்ற் திடீரென்று உடைவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே அறிவித்தல் தருகிறது. நாம் கேட்பதில்லை என்பதே உண்மை. பின்வரும் அறிகுறிகளை அவதானியுங்கள்.

முதலாவது, கிளச்சை விட்டுக் கார் புறப்படும்போதும், முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும்போதும் அடியிலிருந்து ‘டக்’ என்ற ஒலி கேட்கும்.

இரண்டாவது, மெதுவாக ஓடும்போது குருவி கத்துவதுபோல் ‘கீச், கீச்’ என்று சீரான ஒலி வரும். வேகம் கூடினால் அந்த ஒலியும் விரைவாகும். கிறீஸ் வற்றிவிட்டது என்பதே இதன் பொருள். இந்தக் கட்டத்திலேயே கிறீஸ் அடித்தால் ஜொயின்றைக் காப்பாற்றிவிட வாய்ப்புண்டு.

மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் காரின் தளம் நடுங்கும். இருக்கையில் அமர்ந்திருப்பவருக்குக் காலடியில் அதிர்வு தெரியும்.

நான்காவது, கிண்ணங்களின் ஓரத்தில் செம்மண் பொடிபோலத் துருத்தூள் படிந்திருக்கும்.

இவற்றைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூற்றலில் விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். ஜொயின்றின் முன்கவையை ஒரு கையாலும் பின்கவையை மற்றக் கையாலும் பிடித்து, எதிரெதிர்த் திசையில் திருகுங்கள். பின்பு மேலும் கீழும் அசையுங்கள். இரண்டு கவைகளுக்கும் இடையில் சிறிதளவேனும் ஆட்டம் தெரிந்தால் ஜொயின்ற் தேய்ந்துவிட்டது. இரு கவைகளும் சேர்ந்தே சிறிது திரும்புமானால் அது டிபரென்சியல் பற்களின் இடைவெளி, ஜொயின்றின் குற்றமன்று.

‘டக்’ ஒலிக்கு வேறு காரணங்களும் உண்டு. சாப்றைப் பின்தட்டில் பிடித்திருக்கும் நான்கு நட்டுகள் தளர்ந்திருக்கலாம். பின் அச்சை வில்லுத்தகட்டோடு இறுக்கும் யூ போல்றுகள் தளர்ந்திருக்கலாம். செலவில்லாத இந்தக் காரணங்களை முதலில் பார்த்துவிட்டு அதன்பின் கடைக்குச் செல்வதே புத்திசாலித்தனம்.

தாமதித்தால் வருவது

பின் ஜொயின்ற் உடைந்தால் சாப்றின் பின்முனை வீதியில் விழுந்து இழுபடும். காரை உந்தும் சக்தி அற்றுப்போகும். முன் ஜொயின்ற் உடைவது இதனிலும் ஆபத்தானது. சாப்றின் முன்முனை வீதியில் குத்தி, ஓடுகின்ற காரைத் தூக்கி எறியக்கூடும். சுழன்றுகொண்டிருக்கும் சாப்ற் பிரேக் குழாயை அறுக்கலாம். தளத்தைக் கிழித்து உள்ளிருப்பவர்களின் காலையும் தாக்கலாம். சிறு தொகையோடு முடியவேண்டிய வேலை, சாப்றையும் கியர்பெட்டியின் வால்பகுதியையும் சேர்த்து விழுங்கிவிடும். நோயாளியுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வழியில் இது நடந்தால் நட்டம் பணத்தோடு நிற்காது. ஆட்டம் தெரிந்த ஜொயின்றுடன் தூரப் பயணம் போகவேண்டாம்.

வேண்டிய சாமான்கள்

ஜக் ஒன்று, உறுதியான தாங்கிகள் இரண்டு, அங்குல அளவு ஸ்பனர்கள், கூர்முனைக் குறடு, சுத்தியல், செப்பு அல்லது மரச் சுத்தியல், வைஸ், சிறிதும் பெரிதுமான இரண்டு சொக்கற்றுகள், மண்ணெண்ணெய், பழந்துணி, எமரித் தாள், கிறீஸ், கிறீஸ் பம்ப் ஆகியன வேண்டும். இந்தக் கார்களின் நட்டுகள் அங்குல அளவானவை. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். வைஸ் இல்லாதோர் அயலிலுள்ள கராஜிலோ கம்மாலையிலோ அரைமணி நேரம் கேட்டுப் பெறலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வைஸையும் ஒரு கிறீஸ் பம்பையும் பொதுவாக வாங்கி வைத்துக்கொண்டால் உழவு இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் வேலைக்கும் உதவும்.

புதிய ஜொயின்றை வாங்கும்போது பழையதன் அளவைக் கொண்டுசெல்லுங்கள். சிலுவையின் முழு நீளமும் கிண்ணத்தின் விட்டமும் ஒத்திருக்கவேண்டும். கடையிலேயே பொதியைத் திறந்து, நான்கு கிண்ணங்களிலும் ஊசி உருளைகள் ஒரே எண்ணிக்கையில் உள்ளனவா என்று எண்ணுங்கள். கிறீஸ் நிப்பிள் உள்ள வகையானால், சிலுவைக் கைகளின் நடுவே கிறீஸ் செல்லும் துவாரம் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். ஒரு முனை தேய்ந்திருந்தால் மறுமுனையும் அதிக காலம் நிற்காது. வசதியிருப்பின் இரண்டையும் ஒரேயடியாக மாற்றுவது நல்லது.

காரை உயர்த்துதல்

இந்த வேலையில் உயிராபத்து உள்ள இடம் இதுதான். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகக்கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கித் தாங்கியாக்கவும் கூடாது. சீமெந்துக் கல் எச்சரிக்கை தராமல் ஒரே கணத்தில் பொடியாகிவிடும். இரும்புத் தாங்கி இல்லாவிட்டால் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

சமதரையான, இறுகிய நிலத்தில் காரை நிறுத்துங்கள். மணற்பாங்கான முற்றமானால் ஜக்கின் கீழே அகலமான பலகை வையுங்கள். முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை உயர்த்தி, பின் அச்சுக் குழாயின் இரு பக்கமும் தாங்கிகளை வையுங்கள். கீழே போகுமுன் காரைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் மீண்டும் அடுக்குங்கள்.

பின்பக்கத்தையே உயர்த்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பக்கத்தை உயர்த்தினால் சாப்றை உருவும்போது கியர்பெட்டியின் எண்ணெய் முழுவதும் வால்பக்கமாக ஒழுகிவிடும். மேலும், சாப்றைக் கழற்றியபின் கியரில் போட்டிருப்பது காரைப் பிடித்திருக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் முன்சில்லுக் கட்டைகளே காவல்.

சாப்றைக் கழற்றுதல்

முதலில் சாப்றின் பின்தட்டிலும் டிபரென்சியலின் தட்டிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போடுங்கள். திரும்பவும் பூட்டும்போது இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கவேண்டும். சோக்கால் போட்ட கோடு எண்ணெய் பட்டால் அழிந்துவிடும்.

காரைக் கியரில் போட்டு, கைபிரேக்கையும் இழுத்து, நான்கு நட்டுகளையும் தளர்த்துங்கள். துருப்பிடித்திருந்தால் முதல்நாள் இரவே மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து விட்டுவைக்கவேண்டும். போல்றுகளை எடுத்தபின் சாப்றின் பின்முனையைத் தாழ்த்திப் பின்னோக்கி இழுத்தால், மொறிஸ் மைனரில் முன்முனை கியர்பெட்டியின் வாலிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த வாயைச் சுத்தமான பொலித்தீனால் மூடிக் கட்டிவிடுங்கள்.

வேறு சில கார்களில் முன்முனையும் நான்கு போல்றுகளாலேயே பூட்டப்பட்டிருக்கும். நீண்டு சுருங்கும் பல்வெட்டு சாப்றின் இடையிலேயே இருக்கும். அதனைப் பிரிக்க நேர்ந்தால் இரு பகுதியிலும் குறிபோடாமல் பிரிக்கவேண்டாம். காரணம் இதுதான். சாய்ந்து நிற்கும் ஒரு ஜொயின்ற் சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. ஒரு சுற்றுக்குள்ளேயே இரு தடவை விரைந்தும் இரு தடவை தளர்ந்தும் கடத்துகிறது. மறுமுனையிலுள்ள ஜொயின்ற் அதற்கு எதிராக விரைந்தும் தளர்ந்தும் அக்குறையைச் சரிசெய்கிறது. சாப்றின் இருமுனைக் கவைகளும் ஒரே நேரில் இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும், புது ஜொயின்ற் போட்ட கார் முன்னையதைவிட அதிகமாக நடுங்கும்.

பழைய ஜொயின்றை எடுத்தல்

சாப்றை மண்ணெண்ணெயால் கழுவித் துடையுங்கள். அடுப்பையும் பீடியையும் அப்பால் வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் மேல் சிறு தகடு ஒட்டியிருந்தால் அதனைத் தட்டி எடுக்கவேண்டாம். சாப்றின் சமநிலைக்காக வைக்கப்பட்டது அது.

நான்கு சேர்க்லிப்புகளையும் குறட்டால் எடுங்கள். வர மறுத்தால் கிண்ணத்தின் முகத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். கிண்ணம் மயிரிழை உள்ளே போனதும் வளையம் தளர்ந்துகொடுக்கும்.

பின்பு வைஸின் ஒரு தாடையில், கிண்ணத்தைவிடச் சிறிய சொக்கற்றையும், எதிர்த் தாடையில் கிண்ணம் உள்ளே புகக்கூடிய பெரிய சொக்கற்றையும் வைத்து இறுக்குங்கள். சிறியது தள்ள, எதிர்ப்பக்கக் கிண்ணம் பெரியதற்குள் வெளியேறும். குறட்டால் பிடித்துத் திருகி எடுங்கள். மறுபக்கத்துக்கும் இப்படியே செய்யுங்கள். வைஸ் இல்லாவிட்டால் கவையின் காதைச் செப்புச் சுத்தியலால் தொடர்ந்து மெதுவாகத் தட்டினால் கிண்ணம் தானாகவே மேலெழும்பும். எந்த வேளையிலும் சாப்றின் குழாயை வைஸில் பிடிக்கக்கூடாது. நசுங்கிய குழாயைத் திருத்த வழியில்லை.

கவையின் துவாரம்

ஜொயின்றைக் கழற்றியதும் கவைகளிலுள்ள துவாரங்களைத் துடைத்துப் பாருங்கள். புதிய கிண்ணம் இறுக்கமாக, அழுத்தினால் மட்டுமே உள்ளே போகவேண்டும். விரலால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போனால் துவாரம் முட்டைவடிவாகத் தேய்ந்துவிட்டது. கவையையோ சாப்றையோ மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தகரத்தை வெட்டிச் சுற்றி வைப்பதும், துவாரத்தின் ஓரத்தை உளியால் கொத்தி இறுக்குவதும், கிண்ணத்தைக் கவையோடு ஒட்டவைப்பதும் சில நாட்களுக்கே நிற்கும். அவை கழன்றால் புது ஜொயின்றையும் கொண்டுபோய்விடும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் கைக்கொள்ளப்பட்ட ஒரு உபாயத்தை இங்கே சொல்லவேண்டும். பழைய சிலுவையைக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டுவதே அது. கார் முன்னோக்கி ஓடும்போது சிலுவையின் ஒவ்வொரு கையிலும் ஒரு பக்கமே சுமையைத் தாங்குகிறது. கால் சுற்றுத் திருப்பினால் தேயாத பக்கம் சுமைக்கு வரும். இதில் நியாயம் உண்டு. ஆயினும் வரிப்பள்ளம் ஆழமாக விழுந்த சிலுவைக்கு இது உதவாது. புதியது கைக்கு வரும்வரை சில நாட்களை ஓட்டவே இது பயன்படும். இன்று புதியது கிடைக்கும்போது பழையதைத் திருப்பிப் போட்டு ஓடுவது வீண் துணிவு.

புதியதைப் பூட்டுதல்

நிலத்தில் சுத்தமான துணியை விரியுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் புது ஜொயின்றின் ஆயுள் குறைந்துவிடும். துவாரத்தின் விளிம்பில் பிசிறு இருந்தால் எமரித் தாளால் நீக்கி, சேர்க்லிப் உட்காரும் காடியையும் சுரண்டித் துடையுங்கள்.

கிண்ணங்களின் உள்ளே சிறிது கிறீஸ் பூசினால் ஊசி உருளைகள் சுவரோடு ஒட்டி நிற்கும். சீல்கள் தத்தம் இடத்தில் உள்ளனவா என்று பாருங்கள். சிலுவையைக் கவைக்குள் வையுங்கள். கிறீஸ் நிப்பிள் பம்பின் வாய் எட்டக்கூடிய பக்கமாக இருக்கட்டும். பூட்டி முடிந்தபின்தான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

ஒரு கிண்ணத்தைத் துவாரத்தில் பாதியளவு அழுத்துங்கள். உடனே சிலுவையின் கையை அந்தக் கிண்ணத்துக்குள் செலுத்திப் பிடியுங்கள். அப்போதுதான் ஊசிகள் விழாமல் நிமிர்ந்து நிற்கும். பின்பு வைஸில் வைத்துச் சிறிய சொக்கற்றால் காடி முழுவதும் தெரியும்வரை அழுத்தி, புதிய சேர்க்லிப்பைப் போடுங்கள். எதிர்க் கிண்ணத்தையும் இவ்வாறே பூட்டுங்கள்.

சில வேளை கிண்ணம் காடிக்குச் சற்று முன்பாகவே நின்றுவிடும். சேர்க்லிப் புகாது. அந்நேரத்தில் பெரிய சுத்தியலைத் தேடவேண்டாம். ஒரு ஊசி சரிந்து கிண்ணத்தின் அடியில் படுத்துவிட்டது என்பதே இதன் பொருள். கழற்றி, ஊசியை நிமிர்த்தி, மீண்டும் பூட்டுங்கள். அடித்து ஏற்றினால் ஊசி நொறுங்கும். அன்றைய வேலை முழுவதும் வீணாகும்.

நான்கு சேர்க்லிப்புகளும் காடியில் முழுமையாக அமர்ந்தபின், கவைகளை இரு திசையிலும் மடக்கிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது. அதேவேளை எங்கும் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் கவையின் காதுகளை மரச் சுத்தியலால் இலேசாகத் தட்டுங்கள். கிண்ணங்கள் சேர்க்லிப்போடு சென்று சேர்ந்து, ஜொயின்ற் இலகுவாகும்.

மீண்டும் காரில்

சாப்றின் முன்முனைக்குச் சிறிது எண்ணெய் பூசி, கியர்பெட்டியின் சீலைக் கிழிக்காமல் மெதுவாக உள்ளே செலுத்துங்கள். பின்தட்டில் உளிக்கோடுகள் இரண்டும் சேரும்படி வைத்துப் போல்றுகளைப் போடுங்கள். தட்டுகளின் முகத்தில் மண்ணோ துருவோ இருக்கக்கூடாது. இந்த நட்டுகள் தாமாகத் தளராத வகையைச் சேர்ந்தவை. விரலால் சுற்றியதும் இலகுவாக ஏறும் பழைய நட்டு தன் பிடியை இழந்துவிட்டது. புதியதை வாங்குங்கள். நான்கையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

கியர்பெட்டியின் எண்ணெய் அளவைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். மொறிஸ் மைனரின் கியர்பெட்டிக்கு இயந்திர எண்ணெயே விடவேண்டும். டிபரென்சியலுக்கு விடுவது தடித்த கியர் எண்ணெய். ஒன்றின் எண்ணெயை மற்றதற்கு விடவேண்டாம்.

காரை இறக்கி, முதலில் ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் இல்லையானால் பத்து மைல் ஓடியபின் மீண்டும் அந்த நான்கு நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள்.

வேலை முடிந்தபின் கழிவு எண்ணெயையும் கழுவிய மண்ணெண்ணெயையும் நிலத்தில் ஊற்றவேண்டாம். குடாநாட்டின் சுண்ணக்கல் வெடிப்புகளூடாக அது கிணற்று நீரைச் சென்றடையும். ஒரு பேணியில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள்.

கிறீஸ் அடிக்கும் பழக்கம்

நிப்பிள் உள்ள ஜொயின்றானால் 3,000 மைலுக்கு ஒரு தடவையும், மணல் வீதியில் அதிகம் ஓடுவதானால் 1,000 மைலுக்கு ஒரு தடவையும் கிறீஸ் அடியுங்கள். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடியிருந்தால் மைல் கணக்குப் பார்க்கவேண்டாம். அடுத்த நாளே அடியுங்கள். நான்கு சீல்களிலும் புதுக் கிறீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடிக்கவேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கை காய்ந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். நிப்பிள் இல்லாத, மூடிய வகைக்குக் கிறீஸ் அடிக்க முடியாது. அதனைக் கையால் ஆட்டிப் பார்ப்பதே பராமரிப்பு.

உழவு இயந்திரத்திலும் இதே மூட்டு

கார் இல்லாத வாசகர்களுக்கும் இக்கட்டுரை பயன்படும். உழவு இயந்திரத்தின் பின்னால் சூடடிக்கும் இயந்திரத்துக்குச் சக்தி கொடுக்கும் சாப்றிலும் இதே சிலுவை, இதே ஊசி உருளை, இதே சேர்க்லிப்தான் இருக்கின்றன. கழற்றிப் பூட்டும் முறையிலும் வேறுபாடு இல்லை.

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை மறக்கக்கூடாது. கார் சாப்ற் காரின் அடியில் மறைந்து சுழல்கிறது. உழவு இயந்திரத்தின் சாப்றோ மனிதர் நடமாடும் இடத்தில், வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று வேகத்தில் சுழல்கிறது. சாரத்தின் நுனியோ சேலைத் தலைப்போ நீண்ட கூந்தலோ அதில் சிக்கினால் கையை உயர்த்தும் நேரம்கூடக் கிடைக்காது. ஆகவே அதன் பிளாஸ்ரிக் உறையைக் கிறீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி எறியவேண்டாம். இயந்திரத்தை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்துக்கொண்ட பின்னரே ஜொயின்றில் கைவையுங்கள். சூடடிக்கும் களத்தில் பிள்ளைகளை அப்பக்கம் விடவேண்டாம்.

அடுத்த தடவை கார் புறப்படும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்டால், அறுவடை முடியட்டும், பள்ளி விடுமுறை வரட்டும் என்று நாள் குறிக்காதீர்கள். அன்று மாலையே கட்டை வைத்துவிட்டுக் கீழே குனிந்து, இரண்டு கவைகளையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். பார்த்து முடிக்க ஐந்து நிமிடமே ஆகும்.